வசனம் எங்கே போச்சு, சார்?

சனிக்கிழமை வேதபாட வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, சபை மூப்பர் ஒருவர் போனை என்னிடம் நீட்டினார். "சார், இதைக் கொஞ்சம் பாருங்க. பிள்ளைங்க வச்சிருக்கிற இங்கிலீஷ் பைபிள்ல வசனத்தையே காணோமாம்."

பார்த்தேன். பழைய நண்பர்தான். இறையியல் மாணவர்களுக்குக் கிரேக்கம் சொல்லிக்கொடுக்கும் எனக்கு இந்த வாட்ஸ்அப் ஃபார்வர்ட் வருஷத்துக்கு நாலு முறையாவது வந்துவிடும். என்.ஐ.வி., இ.எஸ்.வி. என்ற இன்றைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் 45 முழு வசனங்களையும் 64,000-க்கு மேற்பட்ட சொற்களையும் நீக்கிவிட்டன, யேகோவா, கல்வாரி போன்ற பெயர்களே இல்லை, உடனே 1611-இன் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பான கிங் ஜேம்ஸ் பைபிளுக்குத் திரும்புங்கள் என்று அது சொல்லும். கடைசியில் 'பத்துப் பேருக்கு அனுப்புங்கள்' என்றும் இருக்கும்.

மூப்பர் சோதித்தும் பார்த்துவிட்டார். மகளின் என்.ஐ.வி.யில் மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் 10-ஆம் வசனத்துக்கு அடுத்து 12 வருகிறது. நம் பழைய தமிழ் வேதாகமத்தில் 11 இருக்கிறது: இழந்துபோனதை இரட்சிக்க மனுஷகுமாரன் வந்தார் என்ற வசனம். யாருக்குத்தான் பதறாது?

"மகளோட புஸ்தகத்துல பக்கத்தோட அடியைப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன். பார்க்கவில்லை. அந்த வசனத்துக்கு அங்கே அடிக்குறிப்பு இருக்கிறது, லூக்கா 19:10-இன் சொற்கள் சில கையெழுத்துப்படிகளில் இங்கே வருகின்றன என்ற விளக்கத்தோடு. போன் செயலியில் படிக்கிறவர்களுக்கு இது இன்னும் தப்பிப்போகும். அங்கே அடிக்குறிப்பு ஒரு பொடிக் குறியாக நிற்கும், தொட்டால்தான் திறக்கும். பிறகு அதே என்.ஐ.வி.யில் லூக்கா 19:10-ஐ எடுக்கச் சொன்னேன். அதே செய்தி முழுதாக இருந்தது. இயேசு இரட்சிக்க வந்தார் என்பதை மறைக்கச் சதி செய்தவர்கள் லூக்காவை மறந்துவிட்டார்கள் போலும்!

எண் ஏன் தாவுகிறது? புதிய ஏற்பாட்டை எழுதியவர்கள் வசன எண் போடவில்லை. இன்று நாம் பயன்படுத்தும் எண்கள் 1551-இல் ராபர்ட் எத்தியேன் என்ற அச்சகர் தம் கிரேக்கப் பதிப்பில் இட்டவை. அவர் கையில் இருந்த பாடம், அதாவது மூல வாசகம், 1516-இல் எராஸ்மஸ் என்ற அறிஞர் பாசெல் நகரில் வெளியிட்ட பதிப்பின் வழியில் வந்தது. எராஸ்மஸுக்குக் கிடைத்தவையோ விரல்விட்டு எண்ணக்கூடிய பிற்காலப் படிகள். வெளிப்படுத்தின விசேஷத்துக்கு ஒரே படி, அதிலும் கடைசி ஏடு இல்லை. அந்தக் கடைசி வசனங்களை லத்தீனிலிருந்து அவரே கிரேக்கத்துக்குத் திருப்பி எழுதி நிரப்பினார். கிங் ஜேம்ஸ் புதிய ஏற்பாடு நிற்பது இந்தப் பரம்பரையின் மேல்தான். சினாய் மலை மடத்தில் நான்காம் நூற்றாண்டுச் சுவடியைத் திஷன்டார்ஃப் என்ற அறிஞர் கண்டதெல்லாம் 19-ஆம் நூற்றாண்டில். இப்படிப்பட்ட பழைய படிகளில் இல்லாத வசனங்களை இன்றைய மொழிபெயர்ப்புகள் அடிக்குறிப்புக்கு இறக்கின, எத்தியேனின் எண்களை மாற்றவில்லை. அதனால்தான் எண் தாவுகிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. உ.வே.சா. ஏடுகளைத் தேடி அலைந்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பாடபேதங்களைக் கீழே குறித்துப் பதிப்பித்தாரே, அதே வேலைதான். யாராவது ஓரத்தில் எழுதிவைத்த விளக்கத்தை அடுத்து நகல் எடுப்பவர் மூலம் என்று நினைத்து உள்ளே சேர்த்துவிடுவார். யோவான் 5:4-இல் தேவதூதன் குளத்தைக் கலக்கும் வசனம் அப்படி வந்திருக்கலாம் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. கி.பி. 200 அளவில் பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் எழுதப்பட்டதாகக் கருதப்படும் படிகளில் அது இல்லை. பழைய சில படிகளைவிடப் பிற்காலப் பெரும்பான்மைப் படிகளையே நம்ப வேண்டும் என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. அவர்கள் ஃபார்வர்ட் அனுப்புகிறவர்கள் அல்ல, படித்துப் பேசுகிறவர்கள். எனக்கு அவர்களோடு உடன்பாடு இல்லை, ஆனால் மரியாதை உண்டு.

ஃபார்வர்டில் இன்னொரு குண்டு: என்.ஐ.வி.யை அமெரிக்காவில் வெளியிடும் சோன்டர்வன் ஹார்ப்பர்காலின்ஸுக்குச் சொந்தம், அந்த நிறுவனம் சாத்தானியப் புத்தகமும் போடுகிறதாம். உண்மைதான். ஆனால் நியூ கிங் ஜேம்ஸை வெளியிடும் தாமஸ் நெல்சனையும் 2012-இல் அதே ஹார்ப்பர்காலின்ஸ் வாங்கிவிட்டது. அதை ஏனோ யாரும் அனுப்புவதில்லை.

சரி, கிங் ஜேம்ஸுக்கு வருவோம். நான் ரசித்துப் படிக்கும் மொழிபெயர்ப்பு அது. ஆனால் வானத்திலிருந்து இறங்கியதல்ல. 1604-இல் ஹாம்ப்டன் கோர்ட் மாநாட்டில் பியூரிட்டன் என்ற சீர்திருத்தத் தரப்பிலிருந்து வந்த புதிய மொழிபெயர்ப்பு யோசனையை இங்கிலாந்து அரசர் ஜேம்ஸ் பிடித்துக்கொண்டார். மக்கள் விரும்பிப் படித்த ஜெனீவா பைபிள் என்ற முந்தைய ஆங்கில மொழிபெயர்ப்பின் ஓரக்குறிப்புகள் அரசர்களுக்கு எதிராக இருப்பதாக அவருக்கு எரிச்சல். ஏறக்குறைய 47 பேர் ஆறு குழுக்களாக வேலை செய்தார்கள். 1611-இல் வெளிவந்தது. அதன் முன்னுரையிலேயே, மொழிபெயர்ப்புகள் பலவாக இருப்பது பொருளைக் கண்டடைய உதவும் என்று எழுதியிருக்கிறார்கள். ஓரத்தில் மாற்றுப் பொருள்களையும் கொடுத்தார்கள். இன்றைய 'கிங் ஜேம்ஸ் மட்டுமே' அன்பர்கள் முதலில் சண்டை போடவேண்டியது அந்த மொழிபெயர்ப்பாளர்களோடுதான்.

நீக்கம் என்று பேசினால், 1611 பதிப்பில் இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவே அபோக்ரிஃபா என்ற தொகுதி முழுதாக இருந்தது. அதில் ஒரு பகுதியைக் கத்தோலிக்கர்கள் இணைத்திருமுறை என்று வேதமாகவே ஏற்கிறார்கள். நம் கையில் இருக்கும் பெரும்பாலான கிங் ஜேம்ஸ் பதிப்புகளில் அந்தத் தொகுதி இல்லை. அச்சுப்பிழைக்கும் குறைவில்லை. 1631 பதிப்பு ஒன்றில் விபசாரம் செய்யாதே என்ற கட்டளையில் 'நாட்' என்ற சொல் விழுந்துபோய், செய்வாயாக என்றாகிவிட்டது. அச்சிட்டவர்களுக்கு 300 பவுண்டு அபராதம். இன்று கடையில் வாங்குவதும் 1611-இன் எழுத்து அல்ல, அநேகமாக 1769-இல் ஆக்ஸ்ஃபோர்டில் திருத்தப்பட்ட பாடம்.

துல்லியம் பற்றி உண்மையாகவே சண்டை நடந்த இடம் சொல் தேர்வு. 1526-இல் வோர்ம்ஸ் நகரில் அச்சான தம் புதிய ஏற்பாட்டில் வில்லியம் டின்டேல், 'எக்ளேசியா' என்ற கிரேக்கச் சொல்லுக்கு 'சர்ச்' போடாமல், கூடிவந்த மக்கள் என்ற பொருளில் 'காங்கிரகேஷன்' என்று போட்டார். கத்தோலிக்கத் தரப்பில் நின்ற ஆங்கில அறிஞர் தாமஸ் மோர் கொதித்துப்போனார், ஏனென்றால் அந்த ஒரு சொல்லில் திருச்சபை அமைப்பின் அதிகாரமே ஆடியது. 1536-இல் டின்டேலின் கழுத்தை நெரித்து, உடலை எரித்தார்கள். பின்னால் கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பாளர்களுக்கு வகுத்த விதிகளிலேயே, 'சர்ச்' என்பதை 'காங்கிரகேஷன்' ஆக்கக் கூடாது என்று எழுதிவைத்தார்கள். தமிழில் நாம் 'சபை' என்கிறோம். யோசித்தால், அது டின்டேல் பக்கம்தான் சாய்கிறது.

1952-இல் ஆர்.எஸ்.வி. என்ற ஆங்கில மொழிபெயர்ப்பு முழுமையாக வந்தபோது, இயேசுவின் பிறப்பைச் சொல்வதாகக் கிறிஸ்தவர்கள் படிக்கும் ஏசாயா 7:14-இல் 'கன்னி' இருந்த இடத்தில் 'இளம்பெண்' வந்தது. அமெரிக்காவில் ஒரு போதகர் அந்தப் பக்கத்தையே கொளுத்தினார். எபிரெயச் சொல்லுக்கு இளம்பெண் என்ற பொருள் உண்டு. மத்தேயு மேற்கோள் காட்டும் கிரேக்கத்தில் கன்னி என்றே இருக்கிறது, ஆர்.எஸ்.வி.யும் மத்தேயுவில் கன்னி என்றே வைத்தது. என்.ஐ.வி. மேல் எனக்கும் குறை உண்டு. பவுல் 'மாம்சம்' என்று எழுதிய பல இடங்களில் 1984 பதிப்பு 'பாவ சுபாவம்' என்று விளக்கவுரையே எழுதிவிட்டது. 2011-இல் பெரும்பாலும் திருத்திக்கொண்டார்கள்.

பழைய ஆங்கிலமும் காலை வாரும். 1 தெசலோனிக்கேயர் 4:15-இல் கிங் ஜேம்ஸில் 'ப்ரிவென்ட்' என்று வரும். தடுப்பது என்றுதான் மாணவர்கள் எழுதுவார்கள். அந்தக் காலத்தில் அதற்கு முந்துவது என்று பொருள். நம் தமிழ் வேதாகமத்தில் 'முந்திக்கொள்வதில்லை' என்று பளிச்சென்று இருக்கிறது.

ஆகவே ஃபார்வர்ட் வந்தால் முதலில் அடிக்குறிப்பைத் திறங்கள். அப்புறம் முன்னுரையைப் படியுங்கள், எந்த மூலப் பாடத்தை, எந்த முறையில் பெயர்த்தோம் என்று அங்கே சொல்லியிருப்பார்கள். ஆழமாகப் படிக்க, சொல்லுக்குச் சொல் நெருங்கி நிற்கும் ஒன்றையும் பொருளைச் சரளமாகச் சொல்லும் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

மூப்பருக்கு முழுத் திருப்தி இல்லை. "அதெல்லாம் சரி சார், கல்வாரியை எடுத்தது தப்புதானே?"

லத்தீனில் கபாலம் என்பதற்கான சொல்லிலிருந்து வந்தது கல்வாரி, கிங் ஜேம்ஸில் லூக்கா 23:33-இல் மட்டும்தான் வருகிறது என்றேன். "உங்க தமிழ் பைபிள்ல அந்த வசனத்தை எடுங்க."

கண்ணாடியை ஏற்றிவிட்டு விரலால் வரியைத் தேடினார். வாழ்நாள் முழுக்கக் கல்வாரி என்று பாடி வந்தவர்.

"கபாலஸ்தலம்னு போட்டிருக்கு" என்றார் மெதுவாக.