18.4 கிலோ 1.4 ஆன நாள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலை ஸ்டோருக்கு, அதாவது தொழிற்சாலைக்கு, எஃப்பிஜிஏ (உள்சுற்றை நாமே எழுதி மாற்றக்கூடிய சிப்) போர்டில் சின்னக் கணினி ஒன்று செய்து கொடுத்தேன். பக்கத்து மடுவத்தில் கொழுந்து நிறுக்கிற டிஜிட்டல் தராசு, டிரையரின் சூடு, கரண்ட் போனால் எச்சரிக்கை, எல்லாம் இன்டரப்டாக, அதாவது 'கையிலுள்ள வேலையை நிறுத்திவிட்டு என்னைக் கவனி' என்று சிபியுவை (கணினியின் மூளையை) அழைக்கிற சிக்னலாக, வரும். எது முந்தி என்று முடிவு செய்கிற கன்ட்ரோலரை வெரிலாக்கில் (சுற்றை எழுத்தில் விவரிக்கிற மொழி) நானே எழுதினேன், சிமுலேஷனில் ஒரு குறையும் இல்லை. இரண்டு வாரம் போனது, ஒரு அக்காவின் 18.4 கிலோ 1.4 என்று பதிவாகியிருந்தது. கணக்குப்பிள்ளை கையாலும் எழுதி வைத்திருந்ததால் தப்பியது, இல்லாவிட்டால் செக்ரோலில் (சம்பளப் பதிவேட்டில்) அன்றைக்கு அரைப்பேர்தான் (அரை நாள் சம்பளம்தான்) விழுந்திருக்கும்.

தராசில் பிழை இல்லை. அது எடையை எழுத்து எழுத்தாக 115200 பாட் வேகத்தில் அனுப்புகிறது, ஓர் எழுத்துக்கு 87 மைக்ரோசெகண்ட். வழக்கமாக சிபியு உடனே எடுத்துவிடும். டிரையர் இன்டரப்டுக்கு முன்னுரிமை கொடுத்திருந்தேன்; அது நடுவில் புகுந்தால் தராசின் வேலை தள்ளிப்போகும். அப்படித் தள்ளிப்போன ஒரு தடவை, சிபியு '1'ஐ எடுத்துக்கொண்டு 'ஒன்று காத்திருக்கிறது' என்று காட்டுகிற பென்டிங் பிட்டை அழித்த அதே கிளாக்கில் (சிப்பின் ஒரு துடிப்பில்) '8' வந்து அந்த பிட்டை ஏற்றப் பார்த்திருக்கிறது. 50 மெகாஹெர்ட்ஸில் ஒரு கிளாக் 20 நானோசெகண்ட், அதற்குள் இரண்டும். அழிப்பு ஜெயித்தது. '8' வந்ததே சிபியுவுக்குத் தெரியாது, பின்னால் வந்த புள்ளி அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது.

காரணம் வெட்கக்கேடானது. வெரிலாக்கில் ஒவ்வொரு கிளாக்குக்கும் ஓடுகிற ஒரே ஆல்வேஸ் பிளாக்கில், நான்பிளாக்கிங்காக (மதிப்பு கடைசியில்தான் மாறும்படி) ஒரே பிட்டுக்கு இரண்டு தரம் மதிப்புக் கொடுத்தால் கடைசியாக எழுதினதுதான் நிற்கும். நான் பிட்டை ஏற்றுகிற செட்டை மேலேயும் அழிக்கிற கிளியரைக் கீழேயும் எழுதியிருந்தேன், வாசிக்க அழகாக இருக்கிறதே என்று! இப்போது ஒரே வரிதான்: பழைய பென்டிங்கில் அழிக்க வேண்டியதை அழித்துவிட்டு, அப்புறம் புதிதாக வந்ததை OR செய்து (இரண்டில் ஒன்று 1 என்றாலும் 1) சேர்க்கிறேன். வந்தது எப்போதும் ஜெயிக்கும்.

டெஸ்ட்பெஞ்ச் (சிமுலேஷனில் சுற்றைச் சோதிக்கிற கோட்) ஏன் பிடிக்கவில்லை என்றால், அதை எழுதினதும் நான்தான். இன்டரப்ட் வரும், சிபியு எடுக்கும், அடுத்தது வரும் என்று காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பிரட்டுக்களத்து வரிசை மாதிரி ஒழுங்காக அனுப்பியிருந்தேன். இப்போது ஒவ்வொரு லைனுக்கும் செட்டையும் கிளியரையும் வேண்டுமென்றே ஒரே கிளாக்கில் மோதவிடுகிறேன். கூடவே ஓர் அசெர்ஷன், அதாவது மீறினால் பிடிக்கிற நிபந்தனை: இந்த கிளாக்கில் செட் வந்தால் அடுத்த கிளாக்கில் பென்டிங் 1 ஆக இருக்கவேண்டும், இல்லையென்றால் சிமுலேஷன் அங்கேயே நிற்கட்டும்.

வெளியிலிருந்து வருகிற லைனை இரண்டு ஃப்ளிப்ஃப்ளாப் (கிளாக்குக்கு ஏற்ப ஒரு பிட்டைப் பிடித்து வைக்கிற சுற்று) வழியாக எடுக்காமல் நேரே உள்ளே விடுகிறவர்களும் இருக்கிறார்கள், அது வேறு தலைவலி. இன்டெல்லின் பழைய இன்டரப்ட் கன்ட்ரோலரான 8259ஏ சிப்பின் டேட்டாஷீட்டையும் ஒரு தரம் வாசியுங்கள். சிபியு எடுப்பதற்குள் லைன் இறங்கிவிட்டால் அந்தச் சிப் 7ஆம் லைனின் வெக்டரை (எந்த இன்டரப்ட் என்று சிபியுவுக்குச் சொல்கிற எண்ணை) கொடுக்கும். அந்தக் காலத்திலேயே இப்படி ஒரு நேரப் பிசகுக்கு வழி யோசித்து வைத்திருக்கிறார்கள், நான் யோசிக்கவில்லை.

அந்த அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். "எட்டு எங்க தம்பி போச்சு?" என்று கேட்டார். இரண்டு கிளாஸ் பிளேன்டீ குடித்து முடிகிற வரை விளக்கினேன்.