விடாமுயற்சியும் விடாப்பிடியும் ஒன்றல்ல

திருவல்லிக்கேணியில் மெய்ப்புத் திருத்துவது என் தொழில். பணி ஓய்வு மலர், பாராட்டு மடல் என எது வந்தாலும் ‘விடாமுயற்சியுடன்’ என்ற சொல் நாலு இடத்திலாவது இருக்கும். தோற்ற பிறகும் கைவிடாமல் முயல்வதே விடாமுயற்சி. மூன்று முறை தேர்வில் தவறி, நான்காவது முறையும் எழுதியவருக்கு அது பொருந்தும். 30 ஆண்டுகள் ஒரு பைசா பிசகாமல் கணக்கு எழுதியவர் ‘கண்ணும் கருத்துமாக’ வேலை பார்த்தவர். ‘மும்முரம்’ கல்யாண வேலைக்கும் தேர்தல் வேலைக்கும் உரிய சூடு. ஆயுள் முழுக்க நீடிக்காது.

சென்ற மாதம் ஒரு செவிலியரின் பணி ஓய்வு மலர் வந்தது. ‘நோயாளிகளுக்கு விடாமுயற்சியுடன் உதவினார்’ என்று அச்சுப்படியில் இருந்தது. சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, அப்படி என்ன செய்தார் என்று கொண்டுவந்த பெண்ணிடம் கேட்டேன்.

“வேலை முடிந்து பஸ் நிறுத்தம் வரை போனவர் திரும்பி வந்தார், ஐயா. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டிக்கு மாத்திரை உறையில் சூரியனும் நிலாவும் வரைந்து, காலை எது, இரவு எது என்று காட்டிவிட்டுப் போனார்.”

‘மெனக்கெட்டுத் திரும்பி வந்து’ என்று திருத்தினேன். “அது பேச்சு வழக்காயிற்றே?” என்று அவர் தயங்கினார். ‘வினைக்கெட்டு’தான் ‘மெனக்கெட்டு’ என்று மருவியது. தன் வேலை கெட்டாலும் கெடட்டும் என்று இன்னொருவருக்காக நிற்பதை இதைவிட நன்றாகச் சொல்ல எனக்குத் தெரிந்து வேறு சொல் இல்லை. (‘இதற்கா மெனக்கெட்டு வந்தாய்?’ என்று சலிப்பாகவும் கேட்பார்கள்; இடம் பார்த்துப் போட வேண்டும்.)

வள்ளுவர் இந்த வேறுபாடுகளை எவ்வளவு நுட்பமாகப் பார்த்திருக்கிறார்! ஊக்கத்துக்கு 60ஆம் அதிகாரம், சோம்பலின்மைக்கு 61, முயற்சிக்கு 62 என அடுத்தடுத்துத் தனித்தனியே வைத்தார். 620ஆம் குறளில் ‘உலைவின்றித் தாழாது உஞற்றுபவர்’ என்கிறார்; உஞற்றுதல் என்றால் முயலுதல். மனம் தளராதது ஒன்று, முயற்சியில் குறை வைக்காதது இன்னொன்று. ஒரு வினைக்கு இரண்டு அடைகள், இரண்டுக்கும் தனித்தனி வேலை.

தவறான சொல் ஆளையே மாற்றிக் காட்டிவிடும். ஒரு பள்ளியின் மதிப்பீட்டு அறிக்கையில் ‘விடாப்பிடியாகப் படிக்கிறான்’ என்று இருந்தது. ஆசிரியர் பாராட்டித்தான் எழுதியிருக்கிறார். படிக்கும் தகப்பனுக்கோ மகன் பிடிவாதக்காரன் என்று படும். ஆசிரியரைத் தொலைபேசியில் கேட்டேன். புரியாத கணக்கைப் புரியும்வரை விடமாட்டானாம். ‘ஊன்றிப் படிக்கிறான்’ என்று மாற்றி அனுப்பினேன்.