ஷிமடா கொண்டை எப்படி நிற்கிறது?

ஜப்பானிய ஓவியர் கிதாகவா உதாமரோ 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வரைந்த பெண்களின் காதோரக் கூந்தல், விசிறிபோல் இருபுறமும் விரிந்து, பின்புலம் ஊடுருவித் தெரியும் அளவுக்கு மெல்லிய திரையாக நிற்கிறது. அதை ஓவியரின் கற்பனை என்று எண்ணிவிடக் கூடாது; விளக்குக் கூண்டின் பெயரால் 'தோரோபின்' என்றழைக்கப்பட்ட அந்த அலங்காரத்தை எடோ (இன்றைய தோக்கியோ) நகரத்துப் பெண்கள் உண்மையிலேயே அணிந்திருந்தார்கள்.

அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பு, ஹெயன் காலத்து (794–1185) அரசவைப் பெண்கள் கூந்தலை முடியாமல் தரை தொடும்படி தொங்கவிட்டிருந்தனர். தூக்கிக் கட்டும் வழக்கம் எடோ காலத்தில்தான் (1603–1868) முழுமை பெற்றது. ஷிமடா, மருமகே, கட்சுயாமா எனக் கொண்டை வகைகள் பல இருந்தாலும், அவற்றின் கட்டுமானம் ஏறத்தாழ ஒன்றே.

நெற்றி முடி, இரு பக்க முடி, பிடரி முடி, உச்சி முடி எனக் கூந்தல் முதலில் பிரிக்கப்படுகிறது. உச்சி முடியை இறுகக் கட்டிய முடிச்சுக்கு 'வேர்' என்று பொருள்படும் 'நே' என்பது பெயர். மற்றப் பகுதிகள் அனைத்தும் அதனோடு வந்து இணைவதால், மொத்தப் பாரமும் இழுவிசையும் அந்த ஓரிடத்தில் சேர்கின்றன. அதைக் கட்டுவதற்கு நூலோ நாடாவோ அல்ல, 'மோதோயுய்' என்னும் முறுக்கிய காகிதக் கயிறே பயன்படுகிறது. காகிதமா தாங்கும் என்று தோன்றலாம். நீண்ட நார்களைக் கொண்ட ஜப்பானியக் கைக்காகிதத்தை முறுக்கிப் பசை பூசினால், அது எளிதில் நெகிழாத, முடிச்சு வழுக்காத கயிறாகிறது.

அடுத்தது மெழுகு. 'பின்ட்சுகே' எனப்படும் இந்தப் பூச்சை இன்று சுமோ வீரர்களின் தலையிலும் காணலாம். ஹாசே மரத்தின் கனிகளிலிருந்து எடுக்கப்படும் மெழுகே இதன் அடிப்படை. வேதியியல்படி அது மெழுகன்று, கொழுப்பு. ஏறக்குறைய 50 டிகிரி செல்சியஸில் உருகும். எண்ணெய் கலந்த பூச்சு கையின் சூட்டில் இளகிப் பரவி, தலையில் ஏறியதும் கெட்டிப்படுகிறது. தனித்தனித் தாள்கள் எளிதில் வளையும், அவற்றையே ஒட்டி அட்டையாக்கினால் விறைத்து நிற்கும். மெழுகு முடியிழைகளுக்குச் செய்வதும் இதுதான்.

முடியின் இயல்பும் துணை நிற்கிறது. ஓர் இழை வளைவதை எதிர்க்கும் வலிமை அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. விட்டம் 20 விழுக்காடு கூடினாலே விறைப்பு இரு மடங்காகிவிடும். கிழக்காசிய முடி சராசரியாகத் தடித்தது என்பதால் இது சிறிய உதவியன்று. இருந்தும் தோரோபினுக்கு அது போதவில்லை. எனவே 'பின்சாஷி' என்னும், வில்போல் வளைந்த மெல்லிய பட்டையைப் பக்க முடிக்குள் குறுக்கே செருகினார்கள். அதைத் திமிங்கிலத்தின் வாயிலுள்ள வடிகட்டித் தகடுகளிலிருந்தும் செய்தார்கள். அந்தத் தகடும் கெரட்டின், மனித முடியும் கெரட்டின். ஒரே புரதத்தின் ஓர் உருவம் மற்றோர் உருவத்தைத் தாங்கி நின்றது என்பதே இந்த அலங்காரத்தில் என்னை மிகவும் வியக்கவைப்பது.

இவ்வளவு உழைப்பில் எழுந்ததை நாள்தோறும் கலைக்க முடியாது. ஆகவே கழுத்தை மட்டும் தாங்கும் உயரமான பெட்டித் தலையணையில் உறங்கினார்கள். நீண்ட இடைவெளிவிட்டே தலை கழுவினார்கள். அப்போது ஃபுனோரி என்னும் கடற்பாசியையும் கோதுமை மாவையும் வெந்நீரில் கரைத்துத் தேய்க்க, மாவு எண்ணெய்ப் பிசுக்கை உறிஞ்சிக்கொண்டது.

1885இல் தோக்கியோவில், இந்த முறை வசதியற்றது, சுகாதாரக் கேடானது, செலவு மிக்கது என்ற மூன்று குறைகளைக் கூறி, எளிய மேற்கத்தியப் பாணிக் கொண்டையைப் பரப்ப ஓர் இயக்கம் தொடங்கியது. அந்தக் குறைகள் பொய்யல்ல. கியோத்தோவின் மைகோக்கள் (கெய்ஷா கலை பயிலும் இளம்பெண்கள்) இன்றும் சொந்தக் கூந்தலிலேயே இத்தகைய கொண்டையைக் கட்டுகிறார்கள். ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் விழும் இழுவிசையால் மயிர்க்கால்கள் நலிந்து, சிலருக்கு உச்சியில் சிறு வட்டமாக முடி உதிர்ந்துவிடுகிறது. அவர்களே முதிர்ந்து கெய்கோ (பயிற்சி முடித்த கெய்ஷா) ஆனதும், சொந்தக் கூந்தலை விட்டுப் பொய்முடி அணியத் தொடங்குகிறார்கள்.