பாட்டுக்குப் பாட்டு மாறும் சத்தம்

செல்போனில் சேர்த்து வைத்த பாடல்களைக் கலந்து ஓடவிட்டால், பழைய பாட்டுக்கு வால்யூமைக் கூட்டவேண்டியிருக்கிறது. அடுத்து வரும் புதுப்பாட்டு காதைப் பிளக்கிறது. தன் பாட்டுதான் எடுப்பாகக் கேட்கவேண்டும் என்ற போட்டியில், 1990களிலிருந்து பாடல்களின் மெல்லிய இடங்களுக்கும் உரத்த இடங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை அமுக்கி, வரம்பு முட்டும்வரை சத்தத்தை ஏற்றிப் பதிவுசெய்ததே இதற்குப் பெரிய காரணம்.

எல்லாப் பாட்டின் உச்சத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தால் சரியாகிவிடாதா? ஆகாது. சிடியில் ஒலியின் அளவு ஒரு நொடிக்கு 44,100 மாதிரிகளாகப் பதிவாகிறது. உச்சத்தைத் தொட அவற்றில் ஒன்று போதும். மிருதங்கத்தில் விழும் ஓர் அடி அதைத் தொட்டுவிடும், மற்ற நேரமெல்லாம் பாட்டு மெல்லியதாகவே இருக்கும். சத்தம் எவ்வளவு என்பதைக் காது சற்று நேரம் சேரும் ஆற்றலை வைத்தே உணர்கிறது. அதிலும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகள் அதற்குக் கூர்மையாகக் கேட்கும். அடித்தொனிகள் மந்தமாகத்தான் கேட்கும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள்.

காதின் இந்தப் போக்கைக் கணக்கில் எடுத்து, பாடல்களின் சத்தத்தைச் சமன்செய்ய 2001ல் டேவிட் ராபின்சன் முன்வைத்த முறைதான் ரீப்ளேகெயின். இன்றைய மென்பொருள்கள் பல, ஒலிபரப்புத் துறையின் அளவுமுறையையே இதற்குப் பயன்படுத்துகின்றன. பாட்டை 400 மில்லிநொடித் துண்டுகளாக எடுத்து, காதுக்கு ஏற்ற வடிகட்டியில் செலுத்தி, ஆற்றலை அளக்கிறார்கள். மௌனத்தையும் மிக மெல்லிய இடங்களையும் ஒதுக்கிவிட்டுச் சராசரி பார்க்கிறார்கள். விடை எல்யுஎஃப்எஸ் என்ற சத்த அலகில் மைனஸ் எண்ணாக வரும். பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்கச் சத்தம் அதிகம். இலக்கு -18. புதுப்பாட்டு -9 என்று வந்தால் 9 டெசிபல் குறைக்கவேண்டும். பழையது -20 என்றால் 2 டெசிபல் கூட்டவேண்டும்.

கூட்டவோ குறைக்கவோ வேண்டிய இந்த எண்ணை, பாட்டின் பெயர் போன்ற விவரங்கள் இருக்கும் கோப்பின் டேகில் எழுதிவைப்பதோடு வேலை முடிந்தது. ஒலித்தரவில் யாரும் கைவைப்பதில்லை. பிளேயர் ஓட்டும்போது எண்ணைப் படித்து வால்யூமை மாற்றிக்கொள்ளும். டேகை அழித்தால் பழைய நிலை. இந்த முறையின் அழகே இதுதான் என்பேன். கூட்டும்போது ஒலி வரம்பு தாண்டி உடையாமலிருக்க, உச்ச அளவும் கூடவே பதிவாகிறது. ஆனால் அமுக்கப்பட்ட பாட்டின் ஏற்ற இறக்கத்தை எந்த டேகும் மீட்டுத் தராது.

கச்சேரிப் பதிவு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். டிராக் வாரியாகச் சமன்செய்தால், மெல்லத் தொடங்கும் ஆலாபனையும் தனி ஆவர்த்தனமும் ஒரே சத்தத்தில் ஒலிக்கும். கச்சேரியின் வளர்ச்சியே போய்விடும். அதற்காகத்தான் ஆல்பம் முழுவதற்கும் ஒரே எண்ணைத் தரும் ஆல்பம் கெயின் இருக்கிறது. பாடல்களைக் கலந்து கேட்கும்போது டிராக் கெயினையும், கச்சேரியை முழுதாகக் கேட்கும்போது ஆல்பம் கெயினையும் பிளேயரின் அமைப்பில் தேர்ந்தெடுக்கலாம்.