குண்டு பல்பு என்னும் அடுப்பு

கோழிக்குஞ்சு வளர்ப்பவர்கள் கூண்டுக்குள் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிடுவார்கள். வெளிச்சத்துக்காக அல்ல, சூட்டுக்காக. குஞ்சுகள் அதனடியில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஒண்டிக் கிடக்கும். அந்தப் பல்பின் உண்மையான தொழிலைப் புரிந்துகொண்டவர்கள் அவர்கள்தான் என்று எனக்குத் தோன்றும்.

உள்ளே இருப்பது தலைமுடியளவு மெல்லிய டங்ஸ்டன் இழை. மின்சாரம் பாய்ந்ததும் ஏறத்தாழ 2,500 டிகிரி செல்சியசுக்குச் சூடேறி ஒளிர்கிறது. ஆனால் அது வெளிவிடும் ஆற்றலில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். நூற்றில் ஐந்து பங்கு அளவுதான் வெளிச்சம்.

இழப்பு அங்கே தொடங்கவில்லை. அனல்மின் நிலையத்தில் நிலக்கரி தரும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. கம்பி வழியே வரும்போது இன்னும் கொஞ்சம் போகிறது. ஆக, நூறு பங்கு வெப்பத்தில் ஏறக்குறைய ஒன்றரைப் பங்கே நம் புத்தகத்தின்மேல் ஒளியாக விழுகிறது. கரியோ முழுவதும் எரிந்தாயிற்று. அதிலுள்ள ஒவ்வொரு கிலோ கார்பனும் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து 3.67 கிலோ கரியமில வாயுவாகிவிட்டது.

எல்.இ.டி. பல்பில் எதையும் பழுக்கக் காய்ச்சுவதில்லை. குறைக்கடத்தி (செமிகண்டக்டர்) சில்லுக்குள் எலக்ட்ரான் ஒரு காலியிடத்தில் விழும்போது மிஞ்சும் ஆற்றல் நேரே ஒளியாகிறது. பழுதான பல்பின் மூடியைக் கழற்றிப் பாருங்கள், மஞ்சள் நிறச் சின்னஞ்சிறு சதுரங்கள் தெரியும். சில்லு தருவது நீல ஒளி. மேலே பூசிய மஞ்சள் ஒளிர்பொருள் அதில் ஒரு பகுதியை மாற்ற, இரண்டும் கலந்து வெண்மையாகிறது. அந்த நீல ஒளிச் சில்லை உருவாக்கியதற்காகத்தான் அகாசாகி, அமானோ, நகாமுரா என்ற மூன்று விஞ்ஞானிகளுக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. மிகவும் பொருத்தமான பரிசு.

60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. தந்துவிடும். தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் முன்னது ஆண்டுக்கு 110 யூனிட் இழுக்கும். பின்னது 16 யூனிட்தான். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஒரே பல்பை மாற்றினால் ஆண்டுக்கு 65 கிலோ மிச்சம். மலிவு விலையில் எல்.இ.டி. பல்பு வழங்க மத்திய அரசு 2015இல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் விநியோகிக்கப்பட்டன என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்!

இன்னொன்றும் உண்டு. நாம் விளக்குப் போடும் நேரம்தான் சூரிய மின்சாரம் ஓய்கிற நேரம். அந்தி சாய்ந்ததும் சுமையில் பெரும்பங்கு நிலக்கரியின் தலையில் ஏறுகிறது. அதனால் ஆளில்லாத அறையில் இரவில் வீணாகும் ஒரு யூனிட், நண்பகலில் வீணாகும் யூனிட்டைவிடக் கூடுதல் புகையைத் தாங்கி வருகிறது.