வைஃபை கோடு முழுதாக இருந்தும் இணையம் வராதது ஏன்?

லெப்டொப் மூலையில் வைஃபை கோடுகள் முழுதாக நிற்கும். இணையப் பக்கம் திறக்காது. அட்டன், பண்டாரவளைப் பக்கம் சிம் போட்ட 4ஜி ரவுட்டர் உள்ள வீடுகளில் இது பழகிப்போன தொல்லை. அந்தக் கோடுகள் காட்டுவது லெப்டொப்புக்கும் ரவுட்டருக்கும் இடையிலான தொடர்பை. ரவுட்டருக்கும் டவருக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று அவற்றில் தெரியாது. பெக்கேஜ் முடிந்துபோனாலும் கோடு குறையாது.

ஆகவே பழுது எந்தப் பக்கம் என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். விண்டோஸில் கொமாண்ட் புரொம்ட்டைத் திறந்து, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.8.1, பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனைச் செய்தி; ping என்று எழுதி, இடம் விட்டு முகவரியைச் சேர்க்க வேண்டும்) அனுப்புங்கள். பதில் சீராக 1 முதல் 5 மில்லிசெக்கனில் வந்தால் வீட்டுக்குள் குறையில்லை. 3, 240, 8, பிறகு பதிலே இல்லை என்று தாறுமாறாக வந்தால் கோளாறு வைஃபையில். அடுத்து இணையத்தில் உள்ள கூகிளின் 8.8.8.8 முகவரிக்கு அனுப்புங்கள். ரவுட்டர் பதில் தந்தும் இதற்குப் பதில் இல்லாவிட்டால் கோளாறு டவர் பக்கமாக இருக்கலாம், அல்லது பெக்கேஜ் முடிந்திருக்கலாம். அதற்கும் பதில் வந்து பக்கம் மட்டும் திறக்காவிட்டால் டிஎன்எஸ்ஸை, அதாவது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவையை, சந்தேகிக்கலாம். லெப்டொப்பின் டிஎன்எஸ் முகவரியை 8.8.8.8 என மாற்றிப் பாருங்கள். லெப்டொப்பின் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் அதற்கு முகவரியே கொடுக்கவில்லை. ரவுட்டரை நிறுத்திப் போட்டு, வைஃபை பெயரை அழித்து மறுபடி இணையுங்கள்.

வைஃபையில்தான் கோளாறு என்றால் தகரத்தைக் கவனியுங்கள். தோட்ட லயக் காம்பராவின் தகரக் கூரையும் இரும்பு அலுமாரியும் அலையைத் திருப்பியடிக்கும். நேரே வரும் அலையும் திரும்பி வரும் அலையும் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துவிடும். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்ரிமீற்றர்தான், லெப்டொப்பை நாலு விரற்கடை நகர்த்தினாலே விட்டுப்போன சிக்னல் திரும்புவது இதனால்தான். தடித்த கருங்கல் சுவரில் 5 கிகாஹேர்ட்ஸ் சீக்கிரம் வலுவிழக்கும். சுவருக்கு அப்பால் இருந்தால் 2.4ஐத் தெரிவு செய்யுங்கள். பக்கத்துக் காம்பராக்களிலும் ரவுட்டர் இருந்தால் 1, 6, 11 சனல்களில் நெரிசல் குறைந்ததை வையுங்கள். இடைப்பட்ட எண்கள் இருபக்கமும் உரசும்.

டவர் பக்கம் பழுதென்றால் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் டவரின் சிக்னல் பலத்தைக் காட்டும் ஆர்எஸ்ஆர்பி என்ற எண்ணைப் பாருங்கள். -90 நல்லது, -110 மோசம். ரவுட்டரை இஸ்தோப்பு, ஜன்னல் என்று மாற்றி வைத்து, ஒவ்வோரிடத்திலும் ஒரு நிமிடம் பொறுத்து எண்ணைக் குறியுங்கள்.

மூடுபனியைக் குறைசொல்லாதீர்கள், இந்த அலைவரிசைகளைப் பனியும் மழையும் உறிஞ்சுவது மிகச் சொற்பம். அடைமழையில் இணையம் அறுந்தால் டவருக்குக் கரண்ட் போயிருக்கலாம். டவர்களை ஒன்றோடொன்று இணைக்கும் மைக்ரோவேவ் தொடர்பும் தளர்ந்திருக்கலாம். 10 கிகாஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகளைக் கனமழை நிஜமாகவே பலவீனமாக்கும். அப்போது பொறுத்திருங்கள். ரீசெட் துளையில் ஊசியைக் குத்தினால் நீங்கள் வைத்த பாஸ்வேர்டும், சிம்மை இணையத்தோடு இணைக்கும் ஏபிஎன் அமைப்பும் அழிந்து, மழை விட்ட பிறகும் இணையம் வராமல் போகலாம்.