மோஸ்தர் என்ற சொல்லும் ஒட்டுப்பால் பந்தும்

என் தாத்தா குமரி மாவட்டத்துத் தக்கலையில் தையல் கடை வைத்திருந்தார். பெல்பாட்டம் பேன்ட் தைத்த நாட்களைப் பற்றிப் பேச்சு வந்தால், 'அன்றைய மோஸ்தர் அதுதானே' என்பார். ஃபேஷன் என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. அதனால் மோஸ்தர் என்பது கத்தரிக்கோல், ஊசி, நூல்கண்டு போலத் தையல்காரர்களுக்கு மட்டும் உரிய சொல் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். பிறகு பழைய வார இதழ்களில் புது மோஸ்தர் சேலை, இலக்கிய மோஸ்தர் என்றெல்லாம் படித்தபோதுதான் அதன் வீச்சு புரிந்தது.

மோஸ்தர் என்றால், ஒரு காலத்தில் பலரும் விரும்பிப் பின்பற்றுகிற உடை, பொருள், பழக்கம் அல்லது பேச்சு. அதற்கு முந்தைய பொருள் ஒன்றும் உண்டு: மாதிரி. ஒன்றைப் பார்த்து அதேபோல் இன்னொன்றைச் செய்வதற்காக முன்னால் எடுத்து வைக்கிற உருப்படி. இந்த முதற்பொருளை மனதில் வைத்துக்கொண்டால் சொல்லின் கதை முழுவதும் தெளிவாகிவிடும்.

இது போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்தது. அம்மொழியில் 'மோஸ்த்ரா' என்றால் காட்டப்படுவது, வணிகர் எடுத்துக் காட்டும் மாதிரிச் சரக்கு. காட்டுதல் என்று பொருள்படும் 'மோன்ஸ்த்ராரே' என்ற இலத்தீன் வினைதான் இதன் வேர். 'மேஸ்த்ரே' நம்மிடம் மேஸ்திரி ஆனார். 'மோஸ்த்ரா' மோஸ்தர் ஆனது. சொல்லில் 'ஸ்த்ர' போல மெய்கள் நெருக்கியடித்து நிற்பதைத் தமிழ் நாக்கு விரும்பாது. நடுவில் ஓர் உயிரை நுழைத்து அவற்றைப் பிரித்து வைத்துவிடும்.

1498இல் கோழிக்கோட்டுக்கு வந்த போர்ச்சுகீசியர் சில ஆண்டுகளிலேயே கொல்லத்திலும் பண்டகசாலை அமைத்தார்கள். தமிழ் எழுத்தில் முதல் அச்சு நூல் 1578இல் அங்குதான் வெளிவந்தது. பிரான்சிஸ் சவேரியார் எங்கள் கடற்கரை ஊர்களில் மீனவர்களான முக்குவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்தது 1544இல். குமரிக் கரையில் அந்த மொழியின் தடம் இன்றும் அழியவில்லை. குளச்சலில் மீனை ஏலம் விடுகிறார்களே, அந்த ஏலமும் போர்ச்சுகீசியச் சொல்தான். சாவி, ஜன்னல், அலமாரி, மேசை, பீப்பாய் எல்லாம் அதே வழியில் வந்தவை.

ஆங்கிலேய வணிகர்களும் இந்தியாவில் இதே போர்ச்சுகீசியச் சொல்லைக் கேட்டு, மாதிரிச் சரக்கை 'மஸ்டர்' என்று எழுதினார்கள். சாலை வேலைக்கும் தோட்ட வேலைக்கும் ஆள் கணக்கெடுக்கும் 'மஸ்டர் ரோல்' வேறு பாதையில் வந்த சொல். ஆனாலும் வேர் ஒன்றே. படைவீரரை வரிசையில் நிறுத்திக் காட்டுவதில் தொடங்கியது அது. விடியும் முன்பே ரப்பர் தோட்டத்தில் பெயர் கொடுக்க நிற்கும் தொழிலாளியும் தாத்தாவின் பெல்பாட்டமும் ஒரே வேர்ச்சொல்லின் கிளைகள் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

ஃபேஷனின் கதை வேறு. செய்தல் என்று பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது அது. ஒன்று செய்வதைச் சொல்கிறது, மற்றொன்று காட்டுவதைச் சொல்கிறது. என் சிறுவயது மோகங்களை நினைத்துப் பார்க்கும்போது, காட்டுவதைச் சொல்லும் மோஸ்தர்தான் மிகவும் பொருத்தமாகத் தோன்றுகிறது. ஏனென்றால் எல்லாமே யாரோ ஒருவன் எதையோ எடுத்துக் காட்டியதில்தான் தொடங்கின.

1997இல் நான் குலசேகரம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புப் படித்தேன். ரப்பர் மரத்தில் பால்வெட்டும் தொழிலாளி ஒருவரின் மகன் ஒரு திங்கட்கிழமை காலையில் கால்சட்டைப் பையிலிருந்து ஒட்டுப்பால் பந்து ஒன்றை எடுத்தான். ரப்பர் மரத்தில் வெட்டிய தடத்திலும் பால் பிடிக்கும் சிரட்டையின் அடியிலும் பால் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்குமே, அதுதான் ஒட்டுப்பால். தடத்திலிருந்து அதை உரித்தால் நாடா போல நீளமாக வரும். சிறு கல்லை நடுவில் வைத்து, நாடாவை இழுத்து இழுத்துச் சுற்றவேண்டும். தளர்ந்தால் பந்து எழும்பாது. மிகவும் இழுத்தால் அறுந்துவிடும். சரியாகச் சுற்றிய பந்தைத் தரையில் ஓங்கி அடித்தால் பள்ளியின் ஓட்டுக்கூரைக்கு மேலே போய்விட்டுத் திரும்பும். கடைப் பந்து எதுவும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. நாற்றம் மட்டும் கையை விட்டுப் போகாது. சோறு உண்ணும்போதும் வரும்.

வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பில் எல்லோரிடமும் பந்து இருந்தது. மற்ற வகுப்புகளுக்கும் பரவியது. கொய்யாக்காய் அளவு, சாத்துக்குடி அளவு என்று போட்டி. தங்கள் மரங்களில் ஒட்டுப்பால் காணாமற்போவதைத் தோட்டக்காரர்கள் கவனித்தார்கள். ஒட்டுப்பால் எடைக்கு விலை போகிற பொருள். எங்கள் பக்கத்தில் பல வீடுகளுக்கு அது கைச்செலவுக்கான பணம். புகார் பள்ளிக்கு வந்தது. ஒரு சாக்கு நிறையப் பந்துகள் பறிமுதலாயின. ஆனாலும் மோகத்தை முடித்தது அந்தச் சாக்கு இல்லை. ஐப்பசி மழை வலுத்துப் பால்வெட்டு நின்றது. அந்த இடைவெளியில் தூர்தர்ஷனில் செப்டம்பர் மாதம் தொடங்கிய சாகசத் தொடரின் நாயகன் சக்திமான் எங்களைப் பிடித்துக்கொண்டார். பந்து அடித்த அதே முற்றத்தில் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு தலை சுற்றும்வரை சுழன்றோம். மழை விட்ட பிறகு ஒட்டுப்பாலை யாரும் தேடவில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாகவேண்டும். சிறுவயது நினைவுகளை எழுதுகிறவர்கள் எல்லா விளையாட்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். கோடையில் கொல்லாங்கொட்டையை, அதாவது முந்திரிக்கொட்டையை, வரிசையாக வைத்து எறிந்து ஆடினோம். நுங்குக் காலத்தில், நுங்கு தின்ற பின் மிஞ்சும் கூந்தலை வைத்து வண்டி ஓட்டினோம். ரப்பர்க்காய் வெடித்துச் சிதறும் நாட்களில் கொட்டையைத் தரையில் தேய்த்து அடுத்தவன் கையில் சூடு வைத்தோம். இவை மோஸ்தர் ஆகமாட்டா. மரம் காய்த்தால் விளையாட்டும் வரும். எங்கள் அப்பாவும் அதையே ஆடினார். மோஸ்தருக்குப் பருவம் கிடையாது. திடீரென்று வரும், எல்லோரையும் பிடிக்கும், போனால் பெரும்பாலும் போனதுதான்.

சரி, இதற்கு நல்ல தமிழ்ச்சொல் எது? நாகரிகம் என்று பலர் எழுதுகிறார்கள். நகரத்தைச் சார்ந்தது என்பது அதன் அடிப்பொருள். ஒட்டுப்பால் பந்து எந்த நகரத்திலிருந்தும் வரவில்லை. பாணி என்பது ஒருவருக்கே உரிய முறை, அது அவரோடு நிற்கும். மோஸ்தரோ கை மாறிக்கொண்டே இருக்கும். போக்கு நல்ல தமிழ். இப்போது எல்லோரும் சொல்லும் 'ட்ரெண்ட்' என்பதற்கு மிகவும் பொருந்துகிறது. ஆனால் அது மெல்ல நகரும் திசையைக் குறிக்கிறது. ஐந்து நாளில் பள்ளியையே பிடித்த ஒன்றை அது தாங்காது. மோகம் வடசொல், செய்தித்தாள்களில் நிலைத்துவிட்டது. அதில் மயக்கம் என்ற குற்றச்சாட்டு ஒட்டிக்கொண்டிருப்பது எனக்கு உறுத்துகிறது.

எனக்குப் பிடித்தது பாங்கு. தன்மை, முறை, அழகு, ஏற்றது என்ற பொருள்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. புதுப்பாங்கு, காலப்பாங்கு என்று சேர்த்து எழுதினால் உடைக்கும் பொருளுக்கும் பேச்சுக்கும் பொருந்தும். சிறுவர்களின் குறுகிய கால வெறிக்கு, நாங்கள் சொன்ன கிறுக்கு என்ற சொல்லே போதும். 'பந்துக் கிறுக்குப் பிடித்து அலைகிறான்' என்று அம்மா சொன்னதில் கோபமும் இருந்தது, அன்பும் இருந்தது. பக்கத்தில் மலையாளம் பேசுகிறவர்கள் இதே இடத்தில் கம்பம் என்கிறார்கள்.

எந்தச் சொல்லை எடுத்தாலும், உடையில் வந்த எல்லா மாற்றத்துக்கும் அதைப் பொருத்திவிடக் கூடாது. தாத்தா இதில் கண்டிப்பானவர். குப்பாயம் என்ற மேற்சட்டையையும் ரவிக்கையையும் யாராவது 'அந்தக் காலத்து மோஸ்தர்' என்று சொன்னால் தைப்பதை நிறுத்திவிட்டு மறுப்பார். தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காக 1822 முதல் பல கட்டங்களாகப் போராட்டம் நடந்தது. அடியும் அவமானமும் பட்ட பிறகு 1859 ஜூலை 26இல் அரசாணை வந்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. பெல்பாட்டம் வந்தது மோஸ்தர், ரவிக்கை வந்தது உரிமை என்பதே அவர் கணக்கு. என் கணக்கும் அதுதான்.

மோஸ்தரை ஒதுக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. சாவியையும் ஜன்னலையும் வைத்துக்கொண்டு இதை மட்டும் அனுப்புவானேன்? 'அந்த ஆண்டு ஒட்டுப்பால் பந்து மோஸ்தராக இருந்தது' என்று எழுதலாம். 'புதுப்பாங்காக இருந்தது' என்றும் எழுதலாம். 'ஒட்டுப்பால் பந்துக் கிறுக்குப் பிடித்திருந்தது' என்றால் இன்னும் நெருக்கமாக இருக்கும். 'ஒட்டுப்பால் பந்து நாகரிகமாக இருந்தது' என்று மட்டும் எழுதவேண்டாம்.